சத்தமா வாசிங்க, தம்பி

சீனியம்மாளின் வாழ்க்கையை அழித்தவன் நான்தான்.

தெரியாமல் செய்யவில்லை. ஆத்திரத்தில் வாய் தவறியும் செய்யவில்லை. நாள் குறித்து, நோட்டீஸ் அடித்து, வாசலில் பந்தல் போட்டு, பன்னீர் தெளித்து, ஊரைக் கூட்டிவைத்துச் செய்தேன்!

இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. மாதா கோயிலில் முழங்கால் போட்டு எத்தனையோ பாவங்களைச் சொல்லியிருக்கிறேன்... பொய் சொன்னது, பொறாமைப்பட்டது, வெள்ளிக்கிழமையில் கவிச்சி தின்றது. சாமியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு மன்னிப்புக் கொடுத்து அனுப்பிவிடுவார். இதை மட்டும் அவரிடம் கொண்டுபோகவில்லை. ஏன் தெரியுமா? அவர் இதையும் மன்னித்துத் தொலைத்துவிடுவாரே!

ஆகையால் உங்களிடம் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்திருக்கும். எழுத்தாளர் நேரில் வந்து தம் நாவலிலிருந்து வாசிப்பார், வாங்குகிறவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவார், அனைவரும் வருக என்று போட்டு, அடியில் 'இங்ஙனம் சூசை' என்று இருக்கும். அந்தச் சூசைதான் நான். போடிநாயக்கனூர்க் கடைத்தெருவில் புத்தகக் கடை வைத்திருப்பவன். வெயிலில் வந்தீர்களே என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பானகம் கொடுத்து உபசரிப்பவன்.

நல்ல மனுஷன் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

இந்தக் கூட்டங்களை ஆரம்பித்தது ஏழெட்டு வருஷங்களுக்கு முன்னால். யுத்தத்தின்போது நிறுத்திய மதுரை ரயில் மறுபடியும் ஓடத் தொடங்கிய சமயம். பள்ளிக்கூடப் பாடப் புத்தகமும் பஞ்சாங்கமும் சிலேட்டும் விற்றுக்கொண்டிருந்த கடைக்கு ஓர் எழுத்தாளனை அழைத்துவந்து உட்காரவைக்க வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்திருந்தது. அந்த முதல் எழுத்தாளன் தங்கவேலு.

தங்கவேலு போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் ரைட்டர். வேலைக்கு வந்த ஆட்களின் பேரையும் பறித்த காயின் எடையையும் எழுதுகிறவரை மலையில் அப்படித்தான் சொல்வார்கள். ஒல்லியான பையன். ஞாயிறுதோறும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு கீழே இறங்குவான். நேரே என் கடைக்கு வந்து மூலையில் குந்திக்கொண்டு புத்தகம் படிப்பான். வாங்க வக்கில்லாதவன். படிக்கட்டும் என்று விட்டேன். அவன் எழுதத் தொடங்கியதே என் கடைத் தரையில் உட்கார்ந்துதான் என்று நான் சொன்னால் பொய்யில்லை.

நானும் எழுதினேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலத்துக்கே அர்த்தமில்லை.

இரவும் பகலுமாக ஒரு நாவல் எழுதிவைத்திருந்தேன். சென்னைக்கு அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தது. அதைத் தங்கவேலுவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஒரு வாரம் மலையில் வைத்துப் படித்துவிட்டு வந்தான். கடையில் இரண்டு வாத்தியார்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரில்தான் சொன்னான்.

"அண்ணே, நடையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உசுருள்ள ஆளு ஒருத்தருகூட இல்லையேண்ணே."

அவன் சிரிக்கவில்லை. ஏளனமும் பண்ணவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னான். அதுதான் என்னைச் சுட்டது! வாத்தியார்கள் இருவரும் பேனா மையின் விலையை விசாரிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே அந்தக் காகிதக் கட்டை வாங்கிக் கல்லாவுக்குக் கீழே போட்டேன்.

அடுத்த வருஷமே அவனுடைய நாவல் அச்சாகி வந்துவிட்டது. எந்தப் பதிப்பகம் என் கட்டைத் திருப்பி அனுப்பியதோ, அதே பதிப்பகம். முதல் பிரதியை என் கையில் கொண்டுவந்து கொடுத்துக் காலில் விழப் போனான். தடுத்துத் தூக்கிவிட்டேன். வயிறு எரிந்தது என்று எழுதுவார்களே... நிஜமாகவே எரியும், தெரிந்துகொள்ளுங்கள்.

அன்றே படித்து முடித்தேன். நடுவில் ஓர் அத்தியாயத்தில் என் கை நின்றது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயை மண்டியில் கொட்டிப் பொறுக்கித் தரம் பிரித்து, மறுபடி சாக்கில் கட்டி வெளியூருக்கு ஏற்றுவார்கள். சாக்கு வாயைக் கோணி ஊசியால் தைப்பது வழக்கம். லோடு ஏற்றுகிறவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் ஒவ்வொரு மண்டிக்கும் ஒரு நூல் நிறம், தையலை முடிக்க ஒரு முடிச்சு. நூலைப் பார்த்ததும் இது இன்னார் வீட்டு மூட்டை என்று சொல்லிவிடுவார்கள். என் அப்பாவும் ஏல யாவாரிதான். அந்த யாவாரம் நொடித்துப் போய்த்தான் நான் புத்தகம் விற்க வந்தேன். அதனால் அந்த நூல்களெல்லாம் எனக்கும் மனப்பாடம்.

பச்சை நூல், முடிவில் மூன்று வால் விட்ட காக்காக்கால் முடிச்சு. போடியில் அது ஒரே ஒரு வீட்டுக்குத்தான் உண்டு. சீனியம்மாளின் அப்பா வீடு. பெரியவருக்கு மண்டியில் கூடமாட உதவியாக இருந்தது அந்தப் பெண்தான். பள்ளிக்கூடம் போகாத பெண். சாக்கு தைக்க உட்கார்ந்தால் ஆண்பிள்ளைகள் தோற்றுப்போவார்கள் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வார்கள். பின்னால் அவளைத் தாய்மாமன் மகன் அழகர்சாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பெரியவர் காலமான பிறகு மண்டியும் அழகர்சாமியின் கைக்கு வந்தது, பச்சை நூலோடு சேர்த்து.

தங்கவேலுவின் நாவலில் கதாநாயகி பேர் கோமதி. ஊர் ஏதோ மலையடிவாரத்து ஊர். ஏலக்காயைக்கூட மிளகாக மாற்றிவிட்டிருந்தான், கெட்டிக்காரன்! கோமதி சாக்கு தைக்கிற பெண். மலைக்குத் திரும்பிப் போகும் காலிச் சாக்குகளின் காதில் தன் காதலனுக்காக முடிச்சுப் போட்டு அனுப்புகிறாள். அந்தச் சேதியைப் பார்த்து அவன் காத்திருக்கிறான். ஒரு திருவிழா நாளில் அவள் ஜீப்பேறி மலைக்குப் போய், காய் உலர்த்தும் ஸ்டோரில், விறகுச் சூட்டில், அவனோடு ஓர் இரவு இருக்கிறாள். கலியாணத்துக்கு முந்தின மாதம்.

எல்லாவற்றையும் மாற்றியவன் நூலை மாற்றவில்லை. பச்சை நூல். காக்காக்கால் முடிச்சு.

மலையிலேயே கிடந்தவனுக்கு அது ஓர் அழகான விவரம், அவ்வளவுதான். கீழே கடைத்தெருவில் அது ஒரு பெண்ணின் பேர் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அவன் அடுத்த ஞாயிறு வந்தபோது தற்செயலாகக் கேட்பதுபோலக் கேட்டேன், இந்தக் கோமதி யார் தம்பி என்று. அவன் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எஸ்டேட் சோலியாக ஒரு தடவை ஒரு மண்டிக்கு வந்திருந்தானாம். ஒரு பெண் சாக்கு தைத்துக்கொண்டிருந்தாளாம். இது என்ன முடிச்சு என்று இவன் கேட்க, காக்காக்கால் என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாளாம். அந்த ஒரு வார்த்தைதான். "அதுக்கு மேல அந்தப் பிள்ளை மூஞ்சியக்கூட நான் பாக்கலேண்ணே. பேரும் தெரியாது. மிச்சமெல்லாம் நானாக் கட்டுனது."

ஆக, எனக்குத் தெரியும். நன்றாகக் கவனியுங்கள்... அன்றே எனக்குத் தெரியும். அவள் மேல் ஒரு குன்றிமணி அளவு குற்றமும் இல்லை என்று அவளைத் தவிர இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் நான்.

உசுருள்ள ஆள் ஒருத்தருகூட இல்லை என்றானே! அவன் கதையில் இருக்கிறார்கள் அல்லவா? கொண்டா பார்ப்போம் அந்த உசுருள்ள ஆளை. கதையையும் ஆளையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பார்ப்போம்... இப்படித்தான் என் புத்தி போயிற்று.

சீனியம்மாள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்? ஒன்றுமில்லை. தன் பெண் பிள்ளைகளுக்குச் சிலேட்டு வாங்க வருவாள். காசைக் கொடுத்துவிட்டு, வர்றேண்ணே என்று சொல்லிப் போவாள். அவள் மேல் எனக்குப் பகையும் கிடையாது, ஆசையும் கிடையாது. அவள் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தேன். முதல் பிரதியை ஒரு பெரிய மனுஷர் பெற்றுக்கொள்வதுதானே வழக்கம்? நான் அழகர்சாமியிடம் போய், கதை ஒரு பெண்ணைப் பற்றியது, உங்கள் சம்சாரம் கையால் முதல் பிரதியை வாங்கினால் மங்களமாக இருக்கும் என்றேன். அவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பந்தல் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். பெஞ்சுகளும் அவர் மண்டியிலிருந்துதான் வந்தன.

லோடு ஏற்றும் ஆட்களின் மேஸ்திரியிடமும் சொல்லி அனுப்பினேன். காப்பி, காராசேவு உண்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா என்று. புத்தகக் கூட்டத்துக்கு இவர்களை எதற்கு அழைக்கிறாய் என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா? ஒருவர் கேட்டார். இலக்கியம் எல்லோருக்கும் போய்ச் சேரட்டுமே என்றேன். பேஷ், பேஷ் என்றார்!

தங்கவேலு மலையில் மழை பெய்யும் அத்தியாயத்தை வாசிக்கப் போவதாகச் சொன்னான். அது சப்பென்று இருக்கும், நூல் வருகிற இடத்தை வாசி என்றேன். அவன் தயங்கினான். உள்ளூர்க்காரர்கள் இருப்பார்களே என்றான். பேரை மாற்றி, ஊரை மாற்றி, காயைக்கூட மாற்றிவிட்டாய், எவனுக்குத் தெரியப் போகிறது என்று தட்டிக்கொடுத்தேன். சரியென்றான். என்னை நம்பாமல் அவன் யாரை நம்புவான்?

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்த நேரம். கடை வாசலில் பந்தல். முன்வரிசையில் அழகர்சாமி, சந்தனப் பொட்டும் சில்க் சட்டையுமாக. பக்கத்தில் சீனியம்மாள். மாம்பழ நிறத்தில் புதுப் புடவை, தலை கொள்ளாத மல்லிகை. இரண்டு பெண் பிள்ளைகளும் அவள் முழங்காலில் சாய்ந்து நின்றார்கள். யாவாரிகள், வாத்தியார்கள், பின்னால் தெருவை அடைத்துக்கொண்டு லோடு ஆட்கள்.

அவள் பள்ளிக்கூடம் போகாதவள் என்று சொன்னேனல்லவா? ஒரு கதையை ஒருவர் வாசித்துக் கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. வாயை லேசாகத் திறந்து, கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கோமதிக்காகச் சந்தோஷப்பட்டாள். கோமதி சாக்கு தைக்க உட்கார்ந்ததும் பெரிய பெண்ணைக் குனிந்து பார்த்துச் சிரித்தாள். இந்த வேலை எனக்கும் தெரியும் என்பதுபோல.

பச்சை நூல் வந்தது.

முதலில் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. லோடு ஆட்களில் எவனோ ஒருவன். பிறகு ஒரு கனைப்பு. காக்காக்கால் என்ற சொல்லைத் தங்கவேலு வாசித்தபோது பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்து, பெஞ்சு பெஞ்சாக முன்னால் வந்தது. வாத்தியார்களுக்கு ஒன்றும் புரியவில்லை. யாவாரிகளுக்குப் புரிந்தது. ஒவ்வொருவராக அழகர்சாமியின் முதுகைப் பார்த்தார்கள். பிறகு அவளை.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தானே இவ்வளவும்! அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் உதட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அவள் மடியிலிருந்த கைகளை எடுத்து முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். தைத்துத் தைத்துக் காய்த்துப் போன கைகள்.

தங்கவேலு தலை நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். எல்லோர் கண்ணும் அவள் மேல் இருந்ததில் யாரென்று புரிந்துவிட்டது. குரல் உள்ளே போய்விட்டது. ஸ்டோரில் நடக்கும் இரவு இனிமேல்தான் வர இருந்தது. அவன் புத்தகத்தை மூடப் பார்த்தான். என்னைப் பார்த்தான், போதும் என்று சொல்லுங்கள் என்பதுபோல.

நான் சொன்னேன்.

"சத்தமா வாசிங்க, தம்பி. பின்னால உள்ளவகளுக்குக் கேக்கலையாம்."

அவன் வாசித்தான். பாவி, வாசித்தான்! நிறுத்தினால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்திருப்பான். ஒவ்வொரு வரியும் வந்தது. விறகுச் சூடு வந்தது, அவிழ்ந்த கூந்தல் வந்தது, விடியற்காலை ஜீப் வந்தது. அழகர்சாமி அசையாமல் உட்கார்ந்திருந்தார். சின்னப் பெண் மட்டும் காராசேவு கேட்டு அழுதது.

பிறகு கையெழுத்து. முதல் பிரதி வாங்க அவளைத்தானே அழைக்க வேண்டும்? அழைத்தேன். எழுந்து வந்தாள். மேசைக்கு முன்னால் நின்றாள். யார் பேருக்கு எழுதுவது என்று கேட்டான் தங்கவேலு, தலை நிமிராமல். அவளுக்குப் பேச்சு வரவில்லை. அழகர்சாமி வாயைத் திறக்கவில்லை.

நான்தான் சொன்னேன், கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி: "சீனியம்மாள்னு எழுதுங்க."

அவள் அந்தப் புத்தகத்தை வாங்கி, உட்கார்ந்திருந்த நாற்காலியில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட நான் ஒரு பொறாமைக்காரன், அவ்வளவுதான். ஊர் நாலு நாள் பேசிவிட்டு மறந்திருக்கும். மறுநாள் காலையில் நடந்ததுதான் என் குற்றம்.

கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். அழகர்சாமி வந்தார். ராத்திரி தூங்காத முகம். குரலை உயர்த்தவில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அண்ணே, நான் புத்தகம் படிக்கிறவன் இல்லை. அவளைக் கேட்டேன், ஒண்ணுமே இல்லைன்னு பிள்ளைக தலையில அடிச்சுச் சத்தியம் பண்றா. நீங்க படிச்சவுக. அந்தப் பையனும் உங்க கடையில வளந்தவன். இது கதையா, நடந்ததா? கதைதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இத்தோட விட்டுர்றேன். வீட்டுக்குப் போயி அவ கையால சோறு வாங்கித் திங்கிறேன்."

பார்த்தீர்களா? ஒரு வார்த்தை! கதைதான். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தங்கவேலு என்னிடம் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னால் போதுமே. என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன்.

"எனக்கென்ன தெரியும் அழகர்சாமி? ஒண்ணு மட்டும் தோணுது. பாக்காததை ஒருத்தன் இம்புட்டு நுணுக்கமா எழுத முடியுமா?"

அவர் தோள் துண்டைச் சரிபண்ணிக்கொண்டு போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனை தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். தங்கவேலுவைத்தான் முந்தின நாளே அவமானப்படுத்தியாகிவிட்டதே, கணக்குத் தீர்ந்ததே! உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனுஷன் என் எதிரில் நின்று என் வாயைப் பார்த்தான். என் ஒரு சொல்லுக்காக ஒரு குடும்பம் காத்து நின்றது. நான் எழுதிய எதற்கும் யாரும் அப்படிக் காத்து நின்றதில்லை... இனித்தது! சொல்லக் கூசுகிறது, ஆனால் இனித்தது.

அன்று மத்தியானமே அவளை ராசிங்காபுரத்தில் இருக்கும் அவள் தம்பி வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். தகப்பனார் இல்லை, கேட்க நாதியில்லை. தம்பி பாவம், மழையை நம்பிச் சோளம் போடுகிறவன். பெண் பிள்ளைகள் இரண்டையும் அழகர்சாமி அனுப்பவில்லை. மண்டியில் இருந்த பச்சை நூல் உருண்டைகளை எல்லாம் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார். அந்தப் பருவத்திலிருந்து அவர் மூட்டைகளுக்குக் கறுப்பு நூல்.

இரண்டு நாள் கழித்துத் தங்கவேலு என் கடைக்கு ஓடிவந்தான். சட்டை கிழிந்திருந்தது. அழகர்சாமியைப் பார்த்து, எல்லாம் கட்டுக்கதை என்று சொல்லப் போயிருக்கிறான். சொல்லுகிறவன் அவன் அல்லவா? அவளைக் காப்பாற்ற வந்துவிட்டான் பார், அப்போது நிசம்தான் என்று ஆகிவிட்டது. மண்டி ஆட்கள் இழுத்து வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

"நீங்க சொன்னா நம்புவாருண்ணே," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஒரு எட்டுப் போயிச் சொல்லுங்கண்ணே."

சொல்கிறேன் தம்பி, நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அந்த நேரம் இன்னும் வரவில்லை.

அவன் ரைட்டர் வேலையை விட்டுவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் ஒரு வரிகூட எழுதி நான் அச்சில் பார்க்கவில்லை. என்னை மாதிரி அவனும் எழுதாதவன் ஆகிவிட்டான்... திருப்தியா சூசை?

அந்த நாவல் எங்கள் ஊரில் விற்றதுபோல வேறெங்கும் விற்றிருக்காது. நாவல் என்றால் முகம் சுளிக்கிறவர்கள்கூட வந்து, 'அந்த நூல் புத்தகம் இருக்கா?' என்று காதோடு கேட்டார்கள். படிக்கத் தெரியாதவர்கள் படித்தவர்களை வைத்துக் கேட்டார்கள். நான் சளைக்காமல் வரவழைத்து விற்றேன். அந்தக் கூட்டத்தால்தான் என் கடைக்குப் பேர் வந்தது. அதற்கப்புறம் வந்த எழுத்தாளர்கள் எல்லோரும் அந்தப் பேரைக் கேட்டு வந்தவர்கள்தான்.

அவளுடைய பேர் எழுதிய பிரதியை மட்டும் நான் விற்கவில்லை. கேட்காதவர்கள் இல்லை. என்ன காரணமோ, கொடுக்கவில்லை. இதையும் ஒரு யோக்கியதையாக எண்ணிவிடாதீர்கள்.

போன வாரம் சீனியம்மாள் வந்தாள்.

உச்சி வெயில். தெருவில் ஆள் இல்லை. வாசலில் ஒரு பெண் நின்றாள். கட்டை விறகுபோல வற்றிய உடம்பு. எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவளே முதலில், நல்லாருக்கீகளா அண்ணே என்றாள். குரலில் தெரிந்துகொண்டேன். வந்துவிட்டாள், மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக, தூற்றட்டும் என்று ஆசைப்பட்டேன்!

அவள் தூற்றவில்லை. கும்பிட்டாள்.

"அன்னைக்கு எனக்கு வாயடைச்சுப் போச்சு. கட்டுனவரும் பேசலை. அம்புட்டுச் சனத்துல நீங்க ஒருத்தருதாண்ணே எனக்காக எம் பேரைச் சொன்னீக. அதை நான் மறக்கலை."

என்ன சொல்வேன் நான்? நீங்களே சொல்லுங்கள், என்ன சொல்வது இதற்கு?

உட்காரச் சொன்னேன். தரையில் உட்கார்ந்தாள், தங்கவேலு உட்காரும் அதே மூலையில். பிள்ளைகளை எட்ட நின்று பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். மூத்தவள் தாவணி போட்டுவிட்டாளாம். இவளைக் கண்டதும் தெருவின் அந்தப் பக்கம் மாறி நடந்தாளாம். அதை ஒரு செய்திபோலச் சொன்னாள், அழவில்லை. பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"அந்தக் கதையை அன்னைக்குப் பாதிதான வாசிச்சாக? கடைசியில அந்தப் பிள்ளை என்ன ஆகுதுண்ணே? எனக்கு யாரும் சொல்ல மாட்டேங்கிறாக."

உள்ளே போய் அந்தப் பிரதியை எடுத்துவந்தேன். கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். கோமதி கலியாணமாகிப் போன வீட்டில் நன்றாக இருக்கிறாள். பழைய கதையை யாரோ கொளுத்திப் போடுகிறார்கள். புருஷன் அவள் முகத்தைப் பார்த்து, 'நீ சொன்னாப் போதும்' என்கிறான். கடைசிப் பக்கத்தில் அவள் தன் மகளுக்கு அந்த முடிச்சைப் போடக் கற்றுக்கொடுக்கிறாள்.

இதை எப்படி வாசிப்பேன் அவளுக்கு? எந்த வாயால் வாசிப்பேன்?

உண்மையைச் சொல்லிவிட்டு இதை வாசித்திருக்கலாம். நான்தான் அம்மா, உன் புருஷனிடம் கதை என்று சொல்லாமல் விட்டவன் நான்தான் என்று காலில் விழுந்திருக்கலாம். அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஆள் இல்லை. அதைவிட நல்ல நேரம் எனக்கு எப்போது வாய்க்கும்?

புத்தகத்தை மூடினேன்.

"செத்துப் போறா, ஆத்தா" என்றேன்.

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். எதையோ சரிபார்த்துக்கொண்டவள்போல எழுந்து, புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டாள்.

"அப்ப அவளுக்குத் தேவலை," என்றாள். "வர்றேண்ணே."

ராசிங்காபுரம் பஸ்ஸுக்கு அவள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை. அந்தப் பொய்யை இரக்கத்தில் சொன்னதாக அன்றிரவு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விடிந்ததும் அந்தச் சமாதானம் என்னிடமே எடுபடவில்லை. அவளிடமிருந்து புருஷனைப் பிடுங்கினேன், பிள்ளைகளைப் பிடுங்கினேன். கதையிலாவது அவள் நன்றாக இருந்தாள். அதையும் பிடுங்கிவிட்டேன்.

நோட்டீஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை அவசியம் வாருங்கள். மதுரையிலிருந்து எழுத்தாளர் வருகிறார். எந்த அத்தியாயத்தை வாசிக்கட்டும் என்று என்னைக் கேட்டு எழுதியிருக்கிறார். நான் இன்னும் பதில் போடவில்லை.

முன்வரிசையில் சந்தனப் பொட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். தலை முழுக்க நரைத்துவிட்டது. இன்னொரு கலியாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இப்போதும் பெஞ்சுகள் அவர் மண்டியிலிருந்துதான் வருகின்றன. கூட்டம் தவறாமல் வருகிறார். வந்து, வாசிப்பவரைப் பார்ப்பதைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார். நான் ஏதோ சொல்ல மறந்துவிட்டதுபோல, அதற்காகவே வந்து வந்து காத்திருப்பதுபோல.

இவ்வளவையும் முன்பின் தெரியாத உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் இருப்பீர்கள், பார்க்கத்தான் போகிறீர்கள். நான் அவருக்கு வணக்கம் சொல்வேன். நாற்காலியைத் துடைத்துப் போடுவேன். வெயிலில் வந்தீர்களே என்று பானகம் கொடுப்பேன்.